சாளரத்தில் கீறிய பெயர்: ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் வீடும் பாத்தியதையும்

எமிலி பிராண்டே எழுதிய ஒரே நாவலான ‘வுதரிங் ஹைட்ஸ்’, எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் 1847 டிசம்பரில் வெளிவந்தது. அதைப் பேய்வீட்டுக் கதையாகப் படிப்போர் கேத்தரினின் ஆவியையும் ஹீத்கிளிஃபின் வெறியையும் பேசுகிறார்கள். சட்டநோக்கில் படிப்போர் அடமானத்தையும் உயிலையும் பேசுகிறார்கள். இவை ஒரே வாசிப்பின் இரு முனைகள் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆவி எழுப்பும் கேள்விதான் பத்திரங்கள் எழுப்பும் கேள்வியும்: இந்த வீட்டுக்குள் வர யாருக்குப் பாத்தியதை?

இந்த வீடு எது என்று தேடுவோர் இன்றும் ஹாவொர்த் ஊரிலிருந்து யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தின் ஹெதர் புதர்களைக் கடந்து டாப் விதன்ஸ் என்னும் இடிபாட்டுக்கு நடக்கிறார்கள். முழுமையாக இருந்த காலத்திலும் அக்கட்டடம் நாவல் காட்டும் வீட்டை ஒத்திருக்கவில்லை என்று பிராண்டே சங்கம் 1964-இல் அங்கேயே பலகை பதித்துவிட்டது. அதைவிட, நாவல் கட்டியிருக்கும் வாசலை உற்று நோக்குவது பயன் தரும். முன்வாசலுக்கு மேலே கல்லில் 1500 என்ற ஆண்டும் ஹேர்ட்டன் எர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1801-இல் அங்கு வரும் கதைசொல்லி லாக்வுட் முதலில் படிப்பது அந்த ஆண்பெயரைத்தான். அடுத்த நாள் பனியில் சிக்கி அங்கேயே இரவு தங்குகிறான். ஓக் மரப் பலகைகளால் அடைத்த கட்டிலறைக்குள், சாளரத் திண்டின் சாயத்தில் ஒரு பெண்பெயர் மீண்டும் மீண்டும் கீறப்பட்டிருப்பதைக் காண்கிறான். கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்டன். ஆணின் பெயர் வாசற்கல்லில் ஒரே வடிவில் மூன்று நூற்றாண்டாக நிற்க, பெண்ணின் பெயர் நகத்தால் சுரண்டினால் போய்விடும் சாயத்தில், மணமகன் மாறினால் தானும் மாறுவதாக, தவிக்கிறது.

அன்றிரவுக் கனவில் சாளரத்தைத் தட்டும் உருவத்துக்குக் குழந்தையின் முகம். ஆனால் அது சொல்லும் பெயர் கேத்தரின் லிண்டன். தான் அதிகம் படித்தது எர்ன்ஷா என்ற பெயரைத்தானே, லிண்டன் ஏன் வந்தது என்று லாக்வுடே வியக்கிறான். விடை நம் மொழியில் தயாராக இருக்கிறது. புகுந்த வீட்டின் பெயரைச் சுமந்துகொண்டு பிறந்த வீட்டு வாசலில் நிற்கும் பெண் அவள். இருபது ஆண்டாக அலைவதாகச் சொல்கிறாள். நாவலின் காலக்கணக்கில் அவள் இறந்தது 1784; பதினேழு ஆண்டுதான் ஆகிறது. முழு எண்ணாகச் சொன்னாள் என்று கொண்டாலும், அந்தக் கணக்கு சாவைத் தாண்டி அவள் பிறந்தகத்தை விட்டுப் போன நாட்களின் பக்கம் சாய்வதைத் தள்ளிவிட முடியாது. லாக்வுட் அவள் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் தேய்க்கிறான், இரத்தம் பெருகுகிறது. பிறகு புத்தகங்களை அடுக்கி ஓட்டையை அடைக்கிறான். ஓரங்களில் அவளே நாட்குறிப்பு எழுதிவைத்த அவளுடைய புத்தகங்கள் அவை.

1926-இல் வழக்கறிஞர் சி. பி. சேங்கர், இந்நாவலின் சொத்துரிமைச் சிக்கல்கள் எத்தனை துல்லியமானவை என்று காட்டினார். தங்கை எமிலியின் கலையைப் பயிலாத கைவண்ணமாக 1850 பதிப்பின் முன்னுரையில் சார்லட் வருணித்ததை அந்த ஓர் ஆய்வே அசைத்துவிட்டது. எர்ன்ஷா வீட்டில் எடுத்து வளர்க்கப்பட்ட ஹீத்கிளிஃப் பணத்தாலும் பத்திரத்தாலும் வெல்கிறான். கேத்தரினின் அண்ணனான சூதாடி ஹிண்ட்லி தன் நிலம் முழுவதையும் அவனிடமே அடமானம் வைத்துச் சாகிறான். அவன் மகனும் வாரிசுமான சிறுவன் ஹேர்ட்டன் சொந்த வீட்டிலேயே கூலியில்லா வேலைக்காரன் ஆகிறான். அடுத்து ஹீத்கிளிஃப், கேத்தரினின் மகள் கேத்தியை அடைத்துவைத்துத் தன் மகனுக்கு மணமுடிக்கிறான். மனைவியின் அசையும் சொத்து கணவனுக்கே என்பது அன்றைய சட்டம். அது மாறியது 1870, 1882 சட்டங்களால்தான். கணவன் அந்த அசையும் சொத்து அனைத்தையும் தந்தைக்கு எழுதிவைத்துச் சாக, நிலத்தையும் ஹீத்கிளிஃபே சுவாதீனத்தில் வைத்துக்கொள்கிறான். காசும் துணையும் இல்லாத கேத்தியால் எதிர்க்க முடியவில்லை. விமர்சகர்கள் போதிய கவனம் தராத நுணுக்கம் ஒன்று இங்கே உண்டு. அடைபட்ட கேத்தி, சாகக் கிடக்கும் தந்தையைப் பார்க்கத் தப்பி ஓடுவது தாயின் அறைச் சாளரம் வழியாக. மகள் வெளியேற உதவிய சாளரத்தில்தான் தாய் உள்ளே வரக் கெஞ்சுகிறாள்.

வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’ 1764-இல் தொடங்கிவைத்த மரபில், அபகரித்தவனை அமானுஷ்யம் துரத்தி உண்மை வாரிசிடம் கோட்டையைச் சேர்க்கும். எமிலி அந்தச் சட்டகத்தை எடுத்து உள்ளிருந்தே மாற்றுகிறார். இங்கே வாரிசுக்குத் தன் உரிமை தெரியாது. அபகரித்தவனின் உடலருகே மனமுருகி அழுபவனும் அவனே. எழுத்தறியாமல் வளர்க்கப்பட்ட ஹேர்ட்டன் ஒருநாள் வாசற்கல்லைக் காட்டி, இப்போது படிப்பேன் என்கிறான். எழுத்தெழுத்தாய்க் கூட்டித் தன் பெயரையே படித்துவிடுகிறான். எண்கள் என்று கேத்தி கேட்க, அவை இன்னும் தெரியாது என்கிறான். அவள் சிரிக்கிறாள், அவன் கூசிப்போகிறான். என் மட்டில், நாவலின் ஆவிக்காட்சியைவிட நடுங்கவைக்கும் இடம் இதுதான். பெயர் கைக்கு வந்தும், அப்பெயரை வீட்டோடு பிணைக்கும் முந்நூறு ஆண்டுக் காலம் அவனுக்கு எட்டவில்லை.

ஹீத்கிளிஃப் சாவதும் அதே ஓக் கட்டிலறையில்தான். சாளரம் திறந்து கிடக்க, முகமும் தொண்டையும் மழையில் நனைந்திருக்கின்றன. திண்டில் கிடந்த கையைச் சாளரக் கதவு உராய்ந்திருக்கிறது; தோல் கிழிந்தும் இரத்தம் இல்லை. கனவில் ஆவிக்குப் பெருகிய இரத்தம், எர்ன்ஷா, லிண்டன் என்னும் இரு குடும்ப வீடுகளுக்கும் உடையவனான இவனுக்கு வரவில்லை. ஹேர்ட்டன் இப்போது படிக்கத் தெரிந்தவன். கேத்தியே சொல்லிக் கொடுத்தாள். புத்தாண்டு நாளில் மணம் முடித்து இருவரும் லிண்டன் குடும்ப வீடான த்ரஷ்கிராஸ் கிரேஞ்சுக்குக் குடிபோக இருக்கிறார்கள். வுதரிங் ஹைட்ஸில் கிழவன் ஜோசஃப் சமையலறையோடு தங்குவான், மற்ற அறைகள் பூட்டப்படும்.