ஈறு வீங்கினா மாத்திரையை நிறுத்தலாமா?

போன மாசம் ஒரகடத்துல இருக்கிற மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அங்க ஒரு உதிரிபாக கம்பெனியில சூப்பர்வைசர். சிரிச்சாலே வாயைக் கையால மூடிக்கிட்டார். முன்பல்லுக்கு நடுவுல ஈறு தடிச்சு, பல்லு மேல ஏறியிருந்தது.

"பி.பி. மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்துதான்டா இப்படி. பத்து நாளா நிறுத்திட்டேன்"னார்.

எனக்குப் பக்குன்னு ஆச்சு. அவர் சந்தேகம் சரி, செஞ்சதுதான் தப்பு. இந்தச் சந்தேகத்துக்கு 80 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

1908ல ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிச் பில்ட்ஸ் ஃபெனிட்டாயினைத் தயாரிச்சார். அது வலிப்பைத் தடுக்கும்னு 1938ல அமெரிக்க டாக்டர்கள் மெரிட்டும் பட்னமும் காட்டினாங்க. அதுவரை கொடுத்துட்டு இருந்த ஃபீனோபார்பிட்டால் ஆளைத் தூங்க வைக்கும். இது அந்த அளவுக்கு அசத்தாது. வலிப்பு உள்ளவங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!

அடுத்த வருஷமே கிம்பால்ங்கிற டாக்டர், ஃபெனிட்டாயின் சாப்பிட்ட 119 பேர்ல 57 சதவீதம் பேருக்கு ஈறு வளர்ந்திருக்குன்னு எழுதினார். ஆனாலும் மருந்தை யாரும் தூக்கிப் போடலை. ஈறு வளர்றதை விட வலிப்பு ஆபத்தானது.

1980கள்ல இதே பக்கவிளைவு இன்னும் ரெண்டு மருந்துகள்ல தெரிஞ்சது. ஒண்ணு, சிறுநீரக மாற்று செஞ்சவங்களுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின். இன்னொண்ணு, பி.பி.க்கான நிஃபெடிபின். 1990கள்ல அதே குடும்பத்து அம்லோடிபினும் பட்டியல்ல சேர்ந்தது. அதுல இது வர்றது குறைவு. ஆனா இன்னைக்கு அம்லோடிபின் சாப்பிடுறவங்க ஏராளம். மாமாவும் அதான் சாப்பிட்டார்.

ஏன் இப்படி ஆகுது? ஈறுல கொலாஜன்ங்கிற நார்ப்பொருள் புதுசா உருவாகிட்டே இருக்கும், பழசு கரைஞ்சிட்டே இருக்கும். இந்த மருந்துகள் அந்தக் கரையிற வேலையை மந்தமாக்குதுங்கிறதுதான் முக்கியமான விளக்கம். நார் சேர்ந்து ஈறு தடிக்குது. பல்லுல அழுக்குப் படிஞ்சிருந்தா இன்னும் மோசமாகும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பல்லு விளக்காமலே படுக்கிறவங்க, இதைக் கவனிங்க.

மாமாவை அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பி.பி. எகிறியிருந்தது. டாக்டர் வேற வகை மாத்திரை எழுதினார். பல் டாக்டர் சுத்தம் பண்ணிவிட்டார். ஈறு இப்போ மெல்ல வத்திட்டு வருது.

உங்க வீட்ல யாருக்காவது ஈறு தடிச்சா, மாத்திரை அட்டையோட டாக்டரைப் பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க.