வேளாண் ஊரிலிருந்து நகரம்: தமிழகம்

திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் குழி வெட்டி, மேலே கூரை வேய்ந்து குடியிருந்தனர். மெருகேற்றிய கற்கோடரிகளோடு கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் அங்கே கிடைத்தன. அதாவது புன்செய்ப் பயிர்கள். நெல்லுக்கு வலுவான சான்று பழனியருகே பொருந்தலில் வருகிறது. ஈமக்குழியில் நான்கு கால் சாடி நிறைய, ஏறத்தாழ 2 கிலோ நெல், காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. இறந்தவருக்கு இவ்வளவு ஒதுக்க முடிந்ததென்றால் உபரி இருந்திருக்க வேண்டும். வைகைக்கரைக் கீழடியில் அத்தகைய உபரி செங்கல் கட்டடங்களாகவும் உறைகிணறுகளாகவும் தெரிகிறது. பானையோடுகளில் தமிழி எழுத்தில் பொறித்த பெயர்கள். கீழடியின் தொடக்கம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. மெசொப்பொத்தேமியாவின் ஊருக் நகரம் இதைவிட 2,500 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. ஆனால் அங்கே தொடக்ககால எழுத்து கோயில் கணக்குக்குப் பயன்பட்டது; கீழடிப் பானைகளில் இருப்பவை ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்கள்.