அடைபட்ட காலம்: அசோகனது நான்காம் ஸ்தம்ப சாஸனத்தில் ஒரு சொற்றொடர்

சிறையில் அடைபட்ட மனிதன் அங்கிருக்கும் நாட்களிலேயே தன்னைத் திருத்திக்கொள்ளவும், இழந்த வாழ்வுக்கு ஈடாக மற்றொரு வாழ்வைத் தேடிக்கொள்ளவும் உரியவன் என்ற எண்ணம் பாரத தேசத்தில் எப்போது உருவாயிற்று என்று ஆராயப் புகுவோர், எவ்வழியாகச் சென்றாலும் கடைசியில் அசோக சக்கரவர்த்தியின் நான்காம் ஸ்தம்ப சாஸனத்தில் வந்து நின்றாக வேண்டும். அச்சாஸனத்தில் வரும் ‘நிலுதஸி பி காலஸி’ என்ற மூன்று சொற்களுக்கு எப்பொருள் கொள்கிறோமோ அதைப் பொறுத்தே இந்த ஆராய்ச்சியின் போக்கு முழுவதும் அமைகிறது. 1925-இல் வெளியான அசோக சாஸனத் தொகுதியில் டாக்டர் ஹுல்ஷ் இவற்றுக்குக் கண்ட பொருளை நான் பல காலம் தயக்கமின்றி ஏற்றிருந்தேன். இப்போது ஏற்க இயலவில்லை. சென்னை அரசாங்கத்தில் பணியாற்றிக்கொண்டு தென்னிந்திய சாஸனங்களை முதன்முதலில் ஒழுங்காகப் பதிப்பித்து, நம் கோயிற் சுவர்களை நாமே படிக்கக் கற்பித்த அப்பெரியாரிடம் தமிழர் பட்ட கடன் சிறிதன்று. அக்கடனை நினைவிற்கொண்டே அவரோடு மாறுபடுகிறேன்.

சாஸனத்தின் சந்தர்ப்பத்தை மட்டும் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின் அசோகன் இதனை எழுதுவித்தான். பல லட்சம் ஜனங்களை ஆளும் ராஜுகர் என்னும் அதிகாரிகளுக்குப் பரிசளிப்பிலும் தண்டனையிலும் சுதந்திரம் அளித்து, அறிவுள்ள செவிலியிடம் குழந்தையை ஒப்படைத்தவன் நிம்மதி கொள்வதுபோலத் தானும் கொண்டதாகச் சொல்லி, வழக்கிலும் தண்டனையிலும் சமநிலை வேண்டும் என்று வற்புறுத்துகிறான். பின்னர், கட்டுண்டு கிடந்து, தண்டனை விதிக்கப்பெற்று, கொலைக்கென்று குறிக்கப்பட்ட மனிதர்களுக்கு மூன்று நாள் அவகாசம் தந்திருப்பதாக அறிவிக்கிறான். அந்த மூன்று நாட்களில் அவர்களுடைய உறவினர் அதிகாரிகளிடம் முறையிட்டு உயிரைக் காக்க முயலலாம்; முறையிடுவார் இல்லாதபோது அவர்களே பரலோகத்தை நாடித் தானம் செய்யலாம், உபவாஸம் இருக்கலாம். இதற்குக் காரணம் கூறும் வாக்கியத்தில்தான் நாம் எடுத்துக்கொண்ட மூன்று சொற்களும் வருகின்றன.

ஹுல்ஷ் கொண்ட பொருள் இது: அவகாச காலம் கழிந்துபோன பின்னரும் அவர்கள் மறுமை இன்பத்தை எய்தவேண்டும் என்பது அரசனது விருப்பம். அவருக்கு முன்னே 1894-இல் இச்சாஸனங்களை வெளியிட்ட பியூலர், சிறைப்பட்டிருக்கும் காலத்திலும் அவர்கள் மறுமையை ஈட்டிக்கொள்ள வேண்டும் என்ற கருத்துப்பட மொழிபெயர்த்தார். வின்ஸென்ட் ஸ்மித்தும் அவ்வழியே சென்றார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள பேதம் அற்பமாகத் தோன்றக்கூடும். ஹுல்ஷின் பொருளில் சிறையும் அவகாசமும் வெறும் வாசற்படிகள். உண்மையான பேறு அவை முடிந்தபின் வேறோரிடத்தில் இருக்கிறது. பியூலரின் பொருளிலோ அடைபட்ட காலமே சாதனைக்குரிய காலமாகிறது.

ஹுல்ஷின் பக்கத்தில் உள்ள பலத்தை மறைக்க விரும்பவில்லை. பாலி மொழியில் ‘நிருத்த’ என்ற சொல் பெரும்பாலும் ஒழிந்தது, அவிந்தது என்ற பொருளிலேயே வழங்குகிறது. பௌத்தர்களின் நான்கு வாய்மைகளுள் மூன்றாவதான ‘நிரோதம்’ இந்தச் சொல்லின் உறவே. மேலும், சாஸனத்தில் இச்சொல் மனிதருக்கு அடைமொழியாக வராமல் காலத்திற்கு அடைமொழியாக வருகிறது. ஆகவே சிறைவாசத்தின்போது என்று பொருள் கொள்ள பியூலர் இலக்கணத்தைச் சிறிது நெகிழ்த்தித்தான் இருக்கிறார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் மூன்று ஆக்ஷேபங்கள் எஞ்சுகின்றன.

ஹுல்ஷ் தம் மொழிபெயர்ப்பில் அவகாசம் என்ற சொல்லைப் பிறைக்குறிக்குள் தாமே சேர்த்திருக்கிறார். மூலத்தில் அவ்விடத்தில் அது இல்லை. சாஸனம் அவகாசத்தைக் குறிக்க ‘யோதே’ என்ற தனிச்சொல்லை அதே தொடர்ச்சியில் சற்று முன்னரே ஆண்டிருக்கிறது. அந்த அவகாசம் தீர்ந்ததையே சொல்ல நினைத்திருந்தால், கையிலிருந்த அச்சொல்லை விட்டுக் ‘காலம்’ என்ற பொதுச்சொல்லுக்கு எழுதுவித்தவன் ஏன் போகவேண்டும்? காலம் என்பதற்கு மரணம் என்றே பொருள் கொள்ளலாம், பாலியில் இறத்தலைக் காலம் செய்தல் என்பார்கள், நாமும் காலமானார் என்கிறோமே என்று ஒருவர் வாதிக்கலாம். அப்படியானால் ஒழிந்தது என்ற அடைமொழி அதற்குப் பொருந்தாது. மரணம் வருவதேயன்றிக் கழிவதன்று.

அடுத்தது ‘பி’ என்ற இடைச்சொல். நம் உம்மையைப்போல அது எதிர்பார்க்கத் தகாத ஒன்றைக் குறிப்பது. காலம் தீர்ந்த பின்னரும் மறுமையை எய்துவார்கள் என்றால் அங்கே உம்மைக்கு வேலையே இல்லை. காலம் தீர்ந்த பின்னரன்றி மறுமையை எவர் எய்துகிறார்கள்? அடைபட்ட காலத்திலும் என்று கொள்ளும்போதுதான் உம்மை உயிர் பெறுகிறது. எவ்விடத்தில் ஒன்றும் செய்ய இயலாதென்று உலகம் கைவிட்டதோ, அவ்விடத்திலும் என்ற அழுத்தம் அதற்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது ஆக்ஷேபம் ‘ருத்’ என்ற தாதுவைப் பற்றியது. சிறை சம்பந்தமான பேச்சில் அத்தாதுவுக்கு அடைத்தல் என்ற பொருளே இயல்பு. அர்த்த சாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் சிறை அதிகாரிகளின் குற்றங்களைக் கூறும் பகுதி, அடைபட்டவனை இத்தாதுவிலிருந்து பிறந்த ‘ஸம்ருத்தகன்’ என்ற பெயரால் சுட்டுகிறது. அந்நூல் இன்றுள்ள வடிவத்தில் மௌரியர் காலத்ததா, சில நூற்றாண்டுகள் பிற்பட்டதா என்ற விவாதம் தீரவில்லையாகையால், இதனை முடிவான பிரமாணமாக நான் வைக்கவில்லை. தண்டநீதி வழக்கில் அச்சொல் அப்பொருளில் வழங்கியது என்பதற்கு மட்டும் இது போதும்.

ஆகவே இரு பெரியாரின் பொருளுக்கும் இடைப்பட்டதாக, அடைமொழியைக் காலத்திற்கே உரியதாக வைத்து, அதே சமயத்தில் ஒழிவு என்பதை விட்டு அடைப்பு என்பதைக் கொண்டு, ‘அடைபட்ட காலத்திலும்’ என்று பொருள் உரைப்பதே தகும். குறுகிய காலத்திலும் என்று இதனைக் கொள்வாரும் உளர். அதுவும் இதற்கு அண்மையதே. தமிழில் இத்தொடரை எழுதிப் பார்த்தபோது அதில் வலிந்துரைத்தல் எதுவும் எனக்குத் தென்படவில்லை. மனிதன் அடைபடும்போது அவனுடைய நாட்களும் அவனோடு அடைபடுகின்றன.

இந்தச் சாஸனப் பகுதியைப் பல பிரதிகளோடு ஒப்பிட்டு வழக்கைத் தீர்க்கலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு துன்பச் செய்தி உண்டு. ஆறு ஸ்தம்பங்களில் இது பொறிக்கப்பட்டது. பிரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து டில்லிக்குக் கொணர்ந்த ஸ்தம்பத்தில் எழுத்துக்கள் நன்றாகவே உள்ளன. அலகாபாத் ஸ்தம்பத்திலோ, ஜஹாங்கீர் பாதுஷா தம் வம்சாவளியைச் செதுக்குவித்தபோது மூன்றாம், நான்காம் சாஸனங்களின் பெரும்பகுதி அழிந்து போயிற்று. மரணத்தை எதிர்நோக்கியிருந்த கைதிகளுக்கு ஒரு மன்னன் எழுதிய ஆறுதல் மொழியின்மீது மற்றொரு மன்னனின் மூதாதையர் பெயர்கள் ஏறிக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

இனி, அசோகனுக்கு முன்னும் பின்னும் இவ்வெண்ணம் வளர்ந்த வழியைப் பார்ப்போம். காலம் தீராவிடினும் பழைய ராஜ வழக்கத்தைக் காட்டுவதாகக் கொள்ளத்தக்க அர்த்த சாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் நாகரிகன் என்னும் நகர அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் 36-ஆம் அத்தியாயம், அரசனது ஜன்ம நக்ஷத்திரத்திலும் பௌர்ணமிகளிலும் சிறுவர், முதியோர், நோயாளர், நாதியற்றவர் ஆகியோரைச் சிறையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது. புதிய நாட்டை வென்றாலும், இளவரசனுக்குப் பட்டம் சூட்டினாலும், மகன் பிறந்தாலும் விடுதலை உண்டு. இவையெல்லாம் அரசனுடைய மகிழ்ச்சியின் சிந்துதுளிகளேயன்றிக் கைதியின் தகுதியை நோக்கியவை அல்ல. எனினும் அதே அத்தியாயத்தில், நன்னடத்தை உள்ளவர்களும் உடன்படிக்கையால் கட்டுப்பட்டவர்களும் தம் குற்றத்திற்கு ஈடு கொடுத்து வெளிவரலாம் என்ற விதியும், ஒவ்வொரு நாளோ ஐந்து நாளுக்கொருமுறையோ வேலையினாலும் உடல் தண்டனையினாலும் பணத்தினாலும் கைதிகளின் கணக்கைத் தீர்க்கலாம் என்ற விதியும் காணப்படுகின்றன. கைதி தன் செயலால் தன் விடுதலையைத் தேடிக்கொள்ளும் வாயில் இங்கே, மிகக் குறுகியதாயினும், திறந்திருக்கிறது.

அசோகன் இவ்வாயிலைப் பெரிதாக்கினான். முடிசூடிய 13-ஆம் ஆண்டில் நியமித்த தர்ம மகாமாத்திரர்களின் கடமைகளுள், கட்டுண்டவர்களுக்குப் பொருளுதவி செய்வதையும், அவர்களுடைய துன்பத்தை நீக்குவதையும், விடுவிப்பதையும் ஐந்தாம் பாறை சாஸனம் சேர்த்துச் சொல்கிறது. இவன் பிள்ளைகுட்டிக்காரன், இவன் முதியவன் என்று ஆளை ஆளாகப் பார்த்து அவர்கள் முடிவு செய்ய வேண்டும். தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள தனிச் சாஸனங்கள் காரணமின்றி ஒருவன் சிறைப்படுவதைக் கண்டித்து, நகர நீதிபதிகளின் பொறாமை, சினம், அவசரம், சோம்பல் முதலிய குணங்களே அதற்குக் காரணம் என்கின்றன. ஐந்தாம் ஸ்தம்ப சாஸனம் 26 ஆண்டுகளில் 25 முறை கைதிகளை விடுவித்ததாகக் கணக்குக் கொடுக்கிறது. இது ஆண்டுதோறும் நடந்த பழைய ராஜ வழக்கத்தின் தொடர்ச்சி என்றே தோன்றுகிறது. ஆகையால் அசோகனது புதுமையை இந்த 25-இல் தேடுவது பயனற்றது. விடுவிக்கப்படாதவனுக்கும், விடுவிக்க முடியாதவனுக்கும்கூட ஏதோ ஒன்று உரியது என்று நினைத்த நான்காம் சாஸனத்திலேயே அப்புதுமை இருக்கிறது. கொலைத்தண்டனையை அவன் ஒழிக்கவில்லை என்ற குறையை அவன் அன்பர்கள் பூசி மெழுகவேண்டியதில்லை. ஒழிக்காதவன் எழுதிய சாஸனமாக இருப்பதனாலேயே அந்த மூன்று நாட்களுக்கு அவ்வளவு கனம் ஏற்படுகிறது.

இங்கே என் வாதத்திற்கு மெலிந்த, ஆனால் எனக்கு மிக அருமையான, ஒரு துணை கிடைக்கிறது. திவ்யாவதானம் என்னும் பௌத்தக் கதைத்தொகுதியில் அடங்கியுள்ள அசோகனது கதையில், தர்மத்தின்பால் திரும்புவதற்கு முன் அவன் பாடலிபுத்திரத்தில் நரகத்தை ஒத்த ஒரு சிறையைக் கட்டி, கிரிகன் என்னும் கொடியவனிடம் ஒப்படைத்தான் என்றும், உள்ளே புகுந்தவர் எவரும் உயிரோடு வெளியேறலாகாது என்பதே அங்கு விதி என்றும் வருகிறது. கடலில் பிறந்ததால் சமுத்திரன் எனப்பட்ட பிக்ஷு ஒருவன் அறியாமல் அதனுள் புகுந்து அகப்படுகிறான். அவன் ஒரு மாதம் தவணை கேட்க, ஏழு நாட்கள் கிடைக்கின்றன. அந்த ஏழு நாட்களும் இடைவிடாது முயன்று, கடைசியில் அங்கே பிறர் வதைக்கப்படுவதைக் கண்டு அநித்தியத்தை உணர்ந்து, விடியுமுன் அருகதன் ஆகிறான். அவனைத் தீ சுடாமற்போக, பார்க்க வந்த அரசன் மனம் திரும்பிச் சிறையை இடித்துவிடுகிறான். ஐந்தாம் நூற்றாண்டில் பாஹியானும் ஏழாம் நூற்றாண்டில் ஹியூன்ஸாங்கும் இக்கதையைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

கதை சரித்திரமன்று, சமுத்திரன் குற்றவாளியுமல்லன், முடிவில் கிரிகனும் கொலையுண்டான் என்று கதை சொல்வது அதன் கருணைக்கு ஒரு மாசே. எனினும் அதன் எலும்புக்கூட்டைக் கவனியுங்கள். கொலைக்குரியவன், விதிக்கப்பட்ட சில நாள் தவணை, சிறைக்குள்ளேயே எய்திய பேறு. சாஸனத்தின் நினைவு மக்கள் வாயில் இவ்வடிவம் பெற்றிருக்கலாம் என்று கருத இடமுண்டு. அப்படியாயின், அக்கால மக்கள் அடைபட்ட காலத்தில் எய்துவது என்றே அதனை விளங்கிக்கொண்டனர் என்பதும் தானே பெறப்படும். தவணை தீர்ந்தபின் எய்துவதாகக் கதை சொல்லவில்லை. தீருமுன் எய்துவதாகவே சொல்கிறது. மூன்று ஏழானது எப்படி, கதை முதலில் எந்நூற்றாண்டில் இவ்வுருவை அடைந்தது என்பவற்றுக்கு என்னிடம் விடை இல்லை.

தமிழ்நாட்டில் இவ்வெண்ணம் அடைந்த வளர்ச்சிக்குச் சாட்சி மணிமேகலை. அந்நூலின் காலம் இரண்டாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கூறப்படுகிறது. அவ்வழக்கில் நான் இங்கே புகவில்லை. 19-ஆம் காதைக்கே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். காயசண்டிகை என்னும் பெண்ணின் வடிவத்தோடு அமுதசுரபியை ஏந்திச் சிறையுள் புகுந்து பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலை, வேண்டும் வரம் என்ன என்று சோழ மன்னன் மாவண்கிள்ளி கேட்டபோது, அச்சிறையையே அறச்சாலையாக்கித் தரும்படி வேண்டுகிறாள். அடுத்த காதையின் தொடக்கத்தில் நூலாசிரியர் சாத்தனார் அச்சிறையை நிரயம் என்கிறார். தீய பிறப்பில் உழன்றவர் நல்வினைப் பயனால் நற்பிறப்பு எய்தியதைப்போல அக்கட்டிடம் மாறியதாக உவமிக்கிறார். பின்னர் அது கோயிலும், அறவோர் பள்ளியும், சமைக்கும் சாலையும், உண்ணும் சாலையுமாகிறது. அங்கிருந்த கைதிகளுக்கு மறுபிறவி என்று சொல்லாமல் சுவருக்கே மறுபிறவி என்று சொன்ன இந்த உவமையைப் போன்றது வேறெங்கும் என் கண்ணில் படவில்லை. நரகம் போன்ற சிறை அரசனால் ஒழிக்கப்படும் செய்தி இரண்டு நூல்களிலும் வருவது தற்செயலாகவும் இருக்கலாம். சாத்தனார் பௌத்தர் என்பதால், வடநாட்டுக் கதையை அவர் அறிந்திருக்க வாய்ப்புண்டு என்பதற்கு மேல் நான் அழுத்தமாட்டேன். வடநாட்டில் இடிக்கப்பட்டது தமிழ்நாட்டில் இடிக்கப்படாமல் உருமாறியது என்ற பேதத்தை மட்டும் கற்றோர் சிந்திக்குமாறு வேண்டுகிறேன்.

ஆயினும், மணிமேகலைக் கதையில் சிறை அறக்கோட்டமானதோடு மாவண்கிள்ளியின் நகரில் சிறை ஒழிந்துவிடவில்லை. மூன்று காதைகள் கழித்து அதே மன்னனின் ஆணையால் மணிமேகலையே காவலில் வைக்கப்படுகிறாள். அதற்கடுத்த காதையில் அரசியான இராசமாதேவி அவளைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு, உணவு மறுத்துப் புழுக்கறையில் அடைக்கிறாள். அவ்வறையினின்று வாடாமல் வெளிவந்த மணிமேகலை, அடைத்தவளுக்கே அறம் உரைக்கிறாள்.