இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் முதலும் பொலிசையும்

முன்னுரை

நிறுவன நிதியியல், தனிநபர் நிதித் திட்டமிடல், நிலைவருவாய் முதலீடு ஆகியன இன்று வணிகவியல் துறையின் பாடங்களாக விளங்குகின்றன. ஒரு தேவைக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வேண்டும், அதனைத் தரவல்ல முதல் எவ்வளவு என்பது இவற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. இவ்வினாவிற்குக் கணக்கிட்டு விடைகண்ட சான்றுகள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் உள்ளன. முதலாம் இராசராசன் (கி.பி. 985-1014) காலத்து அச்சான்றுகளில் பொலிசை, அதாவது வட்டி, வரையறுக்கப்பட்ட முறையையும் அதனால் விளைந்த பொறுப்பு எவரைச் சார்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தேவையிலிருந்து முதலுக்கு

கோயிலின் கணபதியார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 360 நாள் கொண்ட ஆண்டிற்கு 54,000 பழங்கள் தேவை. காசு ஒன்றுக்கு 1,200 பழம் என்னும் விலையில் இதற்கு 45 காசு வேண்டும். காசுக்கு ஆண்டுப் பொலிசை அரைக்கால் காசு. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எனவே 45 காசு தருதற்குரிய முதல் 360 காசு ஆகும். அத்தொகையே தஞ்சாவூர் வணிகரிடம் வைக்கப்பட்டது. கொடையாளர் முதலில் தொகையை முடிவு செய்யவில்லை. தேவையே தொகையை முடிவு செய்தது.

காசும் நெல்லும்

ஊர்ச்சபைகள் பெற்ற முதலுக்குப் பொலிசை பெரும்பாலும் நெல்லாகக் குறிக்கப்பட்டது. இராசராசனின் தமக்கை குந்தவையார் வைத்த முதல்களும் ஊர்களிடம் அளிக்கப்பட்டன. காசுக்கு ஆண்டுதோறும் முக்குறுணி நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும். காசுக்கு இரண்டு கலம் நெல் என்பது அக்கல்வெட்டுகள் காட்டும் விலை. இரண்டு கலம் 24 குறுணி. அதில் எட்டில் ஒரு பங்கு மூன்று குறுணி. ஆகவே அரைக்கால் காசும் முக்குறுணி நெல்லும் அவ்விலையில் ஒன்றே.

விலை மாறும்போது இச்சமன் நிலைப்பதில்லை. காசுக்கு ஒரு கலமே கிடைக்கும் அளவிற்கு நெல்விலை உயரின், அதே முக்குறுணி கால் காசுக்கு ஈடாகும். காசாகக் குறித்திருப்பின், கோயில் பெறும் நெல் பாதியாகியிருக்கும். நெல்லாகக் குறித்தமையால் அமுதுபடி குறையாது. விலை உயர்வின் சுமை ஊரைச் சேரும். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் ஊர் அளக்க வேண்டிய நெல்லின் அளவு ஒப்பந்தப்படி மாறாதது.

சந்திராதித்தவல்

இப்பொறுப்பு சந்திரனும் சூரியனும் உள்ளவரை தொடர்வது. குறித்த விலையில் எட்டு ஆண்டுகளில் ஊர் செலுத்திய பொலிசை முதலுக்கு ஈடாகிவிடும். ஆயினும் முதல் தீர்வதில்லை. முதலைப் பெற்ற தலைமுறை மறைந்த பின்னரும் அதன் வழியினர் நெல் அளக்கக் கடமைப்பட்டிருந்தனர். முதிர்வுக் காலமற்ற இன்றைய நிலைவருவாய்ப் பத்திரங்களோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் அப்பத்திரங்களைப் போல இது கைமாறும் பொருளன்று. ஊரோடும் கோயிலோடும் பிணைந்த கடமை.

முடிவுரை

இக்கல்வெட்டுகளைக் கொடை என்று மட்டும் வகைப்படுத்துவது வழக்கம். அவ்வாறு வகைப்படுத்தும்போது கொடுத்தவரின் புண்ணியம் மட்டுமே புலப்படுகிறது. முதலைப் பெற்று ஆண்டுதோறும் நெல் அளந்தவர் மறைந்துவிடுகின்றனர். முதல், பொலிசை, அளவை, விலை ஆகிய நான்கையும் ஒருசேரக் கணக்கிட்டுப் படிக்கும்போதே கோயிலின் உறுதியான வருவாய்க்குப் பின்னிருந்த ஊராரின் நீங்காக் கடன் வெளிப்படுகிறது.