நூலகருக்கும் ஒரு பாடத்திட்டம்: உலகைச் சுற்றிவந்த ‘23 செயல்கள்’

புத்தகங்களை அடுக்கி வைப்பது, இரவல் கொடுப்பது, திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்துவது. நூலகரின் வேலை இவ்வளவுதான் என்று இன்னும் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வாசகர்கள் புத்தகத்தைத் தேடுவது, அதைப் பற்றிப் பேசுவது, நண்பருக்குப் பரிந்துரைப்பது எல்லாம் இன்று கைப்பேசிக்குள் நடக்கின்றன. அந்த இடத்தில் நூலகர் இல்லாவிட்டால் நூலகமும் அங்கே இல்லை. அதிலும் தமிழ் நூல்கள் முதலில் கண்ணிலிருந்து மறைகின்றன.

பல ஆண்டுகள் பணியாற்றிய நூலகர் ஒருவர் புதிய இணையக் கருவிகளை எப்படிக் கற்றுக்கொள்வது? இக்கேள்விக்கு அமெரிக்காவின் ஒரு பொது நூலகம் 2006-ஆம் ஆண்டில் கண்ட விடைதான் ‘23 செயல்கள்’ என்னும் பயிற்சித் திட்டம்.

சார்லட் நகரில் தொடக்கம்

வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லட், மெக்லன்பர்க் மாவட்டப் பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பிரிவு இயக்குநராக இருந்தவர் ஹெலீன் புளோவர்ஸ். வலைப்பூ, பகிரப்படும் படங்கள், யாரும் திருத்தக்கூடிய விக்கிப் பக்கங்கள் ஆகியவை அப்போது வேகமாகப் பரவி வந்தன. நூலகத்துக்கு வரும் இளையோர் அவற்றை எளிதாகக் கையாண்டனர். முகப்பில் அமர்ந்திருந்த ஊழியர்களில் பலருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது.

வழக்கமான வழி, ஊழியர்களை ஓர் அறையில் உட்காரவைத்து வகுப்பு நடத்துவது. புளோவர்ஸ் அதைத் தவிர்த்தார். நூலகத் துறை அறிஞர் ஸ்டீபன் ஆப்ரம் அதே ஆண்டில், ஒருவர் செய்து பார்க்கக்கூடிய 43 செயல்களைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதிலிருந்து கருத்தைப் பெற்ற புளோவர்ஸ், 9 வாரங்களில் முடிக்கக்கூடிய 23 சிறு செயல்களை வகுத்தார். திட்டம் 2006 ஆகஸ்டில் தொடங்கியது.

சேர்வதும் சேராததும் ஊழியரின் விருப்பம். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பூ தொடங்கி, ஒவ்வொரு செயலையும் செய்து பார்த்து, தாம் கண்டதை அதில் எழுத வேண்டும். சொந்தப் பெயரில் எழுதத் தயங்கியவர்கள் புனைபெயரில் எழுதலாம். முழுவதையும் முடிப்பவருக்கு எம்பி3 இசைக்கருவி பரிசாக அறிவிக்கப்பட்டது. தெரியாததை ஆசிரியரிடம் கேட்க முடியாது. பக்கத்து மேசையில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

9 வாரப் பாடம்

முதல் வாரம் அறிமுகம். இரண்டாம் வாரம் வலைப்பூ. மூன்றாம் வாரம் ஃபிளிக்கர் தளத்தில் படங்களைத் தேடுவதும் பகிர்வதும். நான்காம் வாரம் ஆர்எஸ்எஸ் என்னும் செய்தியோடை. பல தளங்களில் வரும் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க அது உதவியது.

ஐந்தாம் வாரத்துக்கு ‘விளையாட்டு வாரம்’ என்று பெயர். தம்மிடமுள்ள நூல்களைப் பட்டியலிட உதவும் லைப்ரரிதிங் தளம் அதில் இடம்பெற்றது. ஆறாம் வாரம் குறிச்சொற்கள், ஏழாம் வாரம் விக்கிப் பக்கங்கள், எட்டாம் வாரம் இணையத்திலேயே ஆவணம் எழுதும் கருவிகள். ஒன்பதாம் வாரம் யூடியூப் காணொளி, ஒலிப்பதிவு, ஒலி நூல். கடைசிச் செயல், கற்றதைத் திரும்பிப் பார்த்து எழுதுவது.

ஒவ்வொன்றும் சிறிய வேலைதான். ஒரு தளத்தைப் பார்ப்பது, ஒரு கணக்குத் தொடங்குவது, ஒரு பத்தி எழுதுவது. ஆனால் 23-ஐயும் முடித்தவர், வாசகர் கேட்கும்போது அந்தக் கருவியின் பெயரைக் கேட்டுத் திகைக்க மாட்டார்.

ஏழரைப் பழக்கங்கள்

முதல் வாரத்தில் ஊழியர்கள் கேட்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுதும் கற்பவரின் ஏழரைப் பழக்கங்கள் என்பது அதன் தலைப்பு. ஏழரை என்றதும் சனி பகவான் நினைவுக்கு வரலாம். ஆனால் இந்த ஏழரை நல்லதே செய்தது.

எதற்காகக் கற்கிறோம் என்ற இலக்குடன் தொடங்குவது, கற்கும் பொறுப்பைத் தானே ஏற்பது, சிக்கலைச் சவாலாகக் கருதுவது, தன்னால் கற்க முடியும் என்று நம்புவது, கற்கத் தேவையான கருவிகளைச் சேர்த்து வைப்பது, தொழில்நுட்பத்தைத் தனக்குச் சாதகமாக்குவது, கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பது ஆகியவை ஏழு பழக்கங்கள். மீதி அரை, விளையாட்டு. தவறான பொத்தானை அழுத்திவிடுவோமோ என்ற அச்சம்தான் வயது வந்தவர்களைப் பெரிதும் தடுக்கிறது. விளையாட்டாகச் செய்து பார் என்று மேலிடமே சொன்னபோது அந்த அச்சம் தளர்ந்தது.

கண்டம் கடந்த திட்டம்

பிறரும் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இத்திட்டம் வெளியிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் அருகிலுள்ள யாரா பிளென்டி வட்டார நூலகம் விரைவிலேயே இதைப் பின்பற்றியது. பின்னர் விக்டோரியா மாநில நூலகம் தன் மாநிலப் பொது நூலகங்களுக்கு இதைக் கொண்டுசென்றது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் 2010-இல் தத்தம் பதிப்புகளை நடத்தினர். எடின்பரோ பல்கலைக்கழகம் 2016-இல் தன் பதிப்பைத் தொடங்கியது.

கருவிகள் போயின, பழக்கம் நின்றது

2006-ஆம் ஆண்டுப் பட்டியலைப் இன்று எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். குறிச்சொல் வாரத்தில் கற்ற டெலிஷியஸ் இன்று செயல்படவில்லை. வலைப்பூக்களைத் தேட உதவிய டெக்னோரட்டியின் சேவையும் நின்றுவிட்டது. செய்தியோடை படிக்கப் பின்னாளில் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. யூடியூப், ஃபிளிக்கர், லைப்ரரிதிங் ஆகியவை நிலைத்தன.

அப்படியானால் கற்றது வீணா? இல்லை. ஒரு புதிய தளத்தைக் கண்டதும் அஞ்சாமல் உள்ளே சென்று, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று கண்டறியும் பழக்கமே அப்பயிற்சியின் உண்மையான பலன். அதே பழக்கத்தோடுதான் நூலகர் இன்று முகநூல், புலனம், டிக்டாக் ஆகியவற்றையும் அணுக வேண்டியிருக்கிறது.

நூலகரே மாணவராவது தமிழருக்குப் புதிதல்ல. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும் லண்டனுக்குச் சென்று நூலகக் கல்வி பயின்றார். அங்குள்ள நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்துக் கற்றார். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராகக் காண்கிறது. நூலகம் வளரும்போது நூலகர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க முடியாது.

தமிழ் நூல்களுக்கு என்ன நன்மை?

பல நூலகங்களின் கணினிப் பட்டியலில் தமிழ் நூல்களின் தலைப்பு ஆங்கில எழுத்தில் பதிவாகியுள்ளது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் தமிழின் ‘ச’ எழுத்துக்கு ஆங்கிலத்தின் ‘எஸ்’ வருவதில்லை, ‘சீ’ என்னும் எழுத்தே வரும். அம்முறையைப் பின்பற்றும் பட்டியலில் ‘சிறுகதை’ என்பதை ‘எஸ்’ எழுத்தில் தொடங்கித் தேடும் மாணவருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். புத்தகம் அடுக்கில்தான் இருக்கும். இல்லை என்று எண்ணி அவர் திரும்பிவிடுவார். தமிழ் எழுத்திலும் பதிவு செய்துள்ள பட்டியல்களில் இச்சிக்கல் குறைவு.

இங்குதான் சமூக ஊடகம் கைகொடுக்கிறது. புதிதாக வந்த தமிழ் நூலின் அட்டைப்படத்தை, தலைப்பைத் தமிழில் தட்டச்சு செய்து, இரண்டு வரி அறிமுகத்துடன் நூலகப் பக்கத்தில் இட்டால் தேடுவோருக்கு ஒரு வழி திறக்கிறது. குறிச்சொற்கள் மேலும் உதவும். அடுக்கில் ஒரு நாவலுக்கு ஓரிடம்தான் உண்டு. குறிச்சொல்லோ அதே நாவலைத் ‘தோட்ட வாழ்க்கை’, ‘ஜப்பானியர் காலம்’, ‘சயாம் மரண ரயில்’ என்று பல வாசல்கள் வழியே காட்டும். சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தாத்தாவைப் பற்றி அறிய விரும்பும் பேத்தி, நாவலின் பெயரை அறிந்திருக்க மாட்டாள். அவள் தேடப்போவது அந்த ரயிலைத்தான்.

பழைய படங்களுக்கும் இது பொருந்தும். காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃபிளிக்கரில் வெளியிட்டு, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுமாறு கேட்டது. பொதுமக்கள் இடத்தையும் ஆட்களையும் அடையாளம் காட்டினர். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தங்கள் பதிவுகளில் சேர்த்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணங்களுக்குச் சிதறிய மலேசியாவில் இதற்குப் பெரும் தேவை உண்டு. லயத்து வீடு, பால் கொட்டகை, தோட்டத் தமிழ்ப்பள்ளி, கோயில் திருவிழா எனப் பல படங்கள் வீடுகளில் கிடக்கின்றன. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைக்காவிட்டால் அது பெயர் தெரியாத முகங்களின் படமாகவே எஞ்சும்.

கவனம் தேவை

சமூக ஊடகத்தில் நூலகர் மூன்று விஷயங்களில் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது, வாசகரின் அந்தரங்கம். யார் எந்த நூலைப் படிக்கிறார் என்பது வெளியே போகக்கூடாத செய்தி. வாசகர் பற்றிய விவரங்களைக் காக்கும் கடமை, அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1939-ஆம் ஆண்டு நெறிக்கோவையிலேயே உள்ளது. புலனக் குழுவில் ஒருவரின் தொலைபேசி எண்ணை மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியும். அறிவிப்புக்கு மட்டும் என்றால், 2023-இல் அறிமுகமான புலன அலைவரிசை வசதி பாதுகாப்பானது. அதில் பின்தொடர்வோரின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடவே கூடாது.

இரண்டாவது, பதிப்புரிமை. எழுத்தாளர் மறைந்து மலேசியாவில் 50 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் அவரது நூலுக்குப் பாதுகாப்பு உண்டு. முழு நூலையும் பிடிஎஃப் கோப்பாகக் குழுவில் அனுப்புவது தமிழ்த் தொண்டாகத் தோன்றலாம். அது சொற்ப எண்ணிக்கையில் அச்சிட்டு விற்கும் உள்ளூர் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பதாகும்.

மூன்றாவது, சேமிப்பு. தளம் மூடப்பட்டால் படங்களும் குறிப்புகளும் அதோடு போகும். மூலப் பிரதி நூலகத்தின் கணினியிலும் வெளிச் சேமிப்புக் கருவியிலும் இருக்க வேண்டும்.

சிறிய நூலகத்தில் தொடங்குவது எப்படி?

தமிழ்ப்பள்ளி வள மையமோ, ஆலய நூலகமோ, குடியிருப்புப் பகுதி வாசகர் வட்டமோ 23 செயல்களையும் செய்யத் தேவையில்லை. வாரம் ஒன்றாக ஆறு போதும்.

1. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவி, பத்து நூல்களின் தலைப்பைத் தமிழில் தட்டச்சு செய்தல்.

2. லைப்ரரிதிங் போன்ற தளத்தில் அந்தப் பத்து நூல்களையும் பட்டியலிடுதல்.

3. ஒவ்வொரு நூலுக்கும் மூன்று குறிச்சொற்கள் கொடுத்தல். அவற்றை வாசகரிடமே கேட்டுப் பெறுதல்.

4. வாரம் ஒரு நூலை முகநூல் பக்கத்திலோ புலன அலைவரிசையிலோ அறிமுகம் செய்தல்.

5. ஒரு பழைய படத்தை உரியவரின் சம்மதத்துடன் வெளியிட்டு, விவரம் கேட்டு, வந்த பதில்களைச் சரிபார்த்து எழுதி வைத்தல்.

6. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆதாரமில்லாத ஒரு கட்டுரைக்கு, கையிலுள்ள நூலிலிருந்து ஒரு மேற்கோள் சான்று சேர்த்தல். ஒரு நூலகர், ஒரு சான்று என்ற பெயரில் 2016 முதல் உலக நூலகர்கள் இதை ஓர் இயக்கமாகவே செய்து வருகின்றனர்.

இவற்றைத் தனியாகச் செய்வதைவிட இருவராகச் செய்வது எளிது. நூல்களைப் பற்றி நூலகருக்குத் தெரியும், கருவியைப் பற்றி ஐந்தாம் படிவ மாணவிக்குத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஆறு வாரத்தில் பத்துத் தமிழ் நூல்களாவது தேடுபவர் கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடும்.