இந்திய ஊட்டச்சத்து ஆய்வு வரலாற்றில் ஆடவர் உணவு

முன்னுரை

ஆடவரின் வலிமை அவர்தம் உணவைச் சார்ந்தது என்னும் கருத்து, ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் உடல்நலம் பற்றியதாக மட்டும் அமையவில்லை. ஆள்வோர் யார், ஆளப்படுவோர் யார் என்னும் வினாவோடும் அது பிணைந்திருந்தது. ஆங்கிலேயர் இந்தியரை ஆள்வதற்குப் புலாலுணவே காரணம் என்னும் பொருளில் அமைந்த குசராத்திக் கவிஞர் நர்மத்தின் பாடலொன்று பள்ளிச் சிறுவரிடையே வழங்கியதைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். அவர் இளமையில் மறைவாகப் புலால் உண்டு பார்த்ததற்கும் இக்கருத்தே தூண்டுதலாயிற்று. இவ்வெண்ணம் அறிவியல் ஆய்வகத்தில் எவ்வாறு சோதிக்கப்பட்டது, எவ்வாறு திருத்தம் பெற்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குன்னூர்ச் சோதனை

இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராபர்ட் மெக்கரிசன், 1918இல் நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அவர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் முதலியோரின் உணவுமுறைகளைத் தனித்தனியே அளித்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, காய்கனி ஆகியவற்றுடன் எப்போதாவது இறைச்சியும் கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்டு, பாலும் நெய்யும் அருகிய சென்னை மாகாண உணவு கடையிடம் பெற்றது.

இவ்வரிசை, 1857க்குப் பின் ஆங்கிலேயப் படை சீக்கியரையும் பட்டாணியரையும் ‘போர்க்குடிகள்’ எனப் போற்றிய கொள்கையோடு பெரிதும் ஒத்திருந்தது. எனினும் அச்சோதனையே அக்கொள்கைக்கு மறுப்பாகவும் அமைந்தது. எல்லாக் குழுக்களிலும் இருந்தவை ஒரே வகை எலிகளே. வேறுபட்டது உணவு மட்டுமே. எனவே வேறுபாடு குருதியில் இல்லை, உண்கலத்தில் உள்ளது என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவாகும். மேலும், ‘சென்னை மாகாண உணவு’ என்னும் பொதுப்பெயர் மாகாணம் முழுமைக்கும் பொருந்துவதன்று. புன்செய்ப் பகுதிகளில் உழைத்த ஆடவர் பலர் உண்டவை கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளச்சோறுமே.

அரிசியன்று, ஆலையே

1935இல் ஆய்வகப் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு காலத்தில் இவ்வாய்வு மேலும் தெளிவு பெற்றது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைபெற்றிருக்க, புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அந்நோய் அரிதாக இருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. அதனால் பின்னர்த் தீட்டும்போது அது முழுமையாக நீங்குவதில்லை. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் தயமின் இருக்க, தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம் உள்ளது. கேழ்வரகிலுள்ள சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 344 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராமே. எனவே குறை அரிசியுண்ணும் மக்களிடம் இல்லை. அரிசியைத் தீட்டும் முறையிலும், பால், கீரை, பயறு முதலிய துணையுணவுகளின் பற்றாக்குறையிலுமே இருந்தது எனலாம். 1930களில் காந்தியடிகள் கைக்குத்தலரிசியை வலியுறுத்தியதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. இளமையில் வலிமைக்காகப் புலாலை நாடியவர், முதுமையில் அதைத் தவிட்டில் கண்டார்.

அளவுகோலான ஆடவர்

குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. உணவாய்வுகளில் வளர்ந்த ஆடவர் ஒருவரின் தேவை ஓர் அலகாகக் கொள்ளப்பட்டு, பெண்டிர், சிறார் தேவைகள் அதன் பகுதிகளாகக் கணிக்கப்பட்டன. இந்திய ஆடவருக்குரிய மாதிரி எடை 60 கிலோகிராமிலிருந்து 2020இல் 65 கிலோகிராமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டின் பரிந்துரையில் மிதமான உழைப்புடைய ஆடவருக்கு நாளொன்றுக்கு 2,710 கிலோகலோரியும், உடலுழைப்புக் குறைந்தவருக்கு 2,110 கிலோகலோரியும் வரையறுக்கப்பட்டன. இங்குத் தேவையை வேறுபடுத்துவது குலமோ நிலமோ அன்று. உழைப்பே என்பது கருதத்தக்கது.

முடிவுரை

ஆடவர் வலிமைக்குரியது ஒரு குறிப்பிட்ட இனத்தாரின் உணவே என்னும் எண்ணத்தோடு தொடங்கிய வரலாறு, தவிடு நீக்காத தானியம், பால், பயறு, கீரை, உழைப்புக்கேற்ற அளவு என்னும் பொதுமுடிவில் நிறைவுற்றது. உழைக்கும் மக்களின் எளிய உணவாகக் கருதப்பட்ட கேழ்வரகும் புழுங்கலரிசியும் ஆய்வகத்தால் மதிப்புப் பெற்றமை இவ்வரலாற்றின் சிறந்த பயனாகும்.