பூட்டும் சாவியும்: நேபாளம் குறித்துச் சில குறிப்புகள்

நேபாளம் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். வடக்கே சீனா, மற்ற மூன்று பக்கமும் இந்தியா, கடல் இல்லை. ஆகவே தலைவிதி இது என்கிற மாதிரி. கோர்க்கா மன்னன் பிருத்வி நாராயண் ஷா தன் ராஜ்யத்தை இரு பாறைகளுக்கு நடுவில் கிடக்கும் கிழங்குக்கு ஒப்பிட்டதாகச் சொல்வார்கள்; சொல்லிச் சொல்லியே அது இயற்கை விதியாகிவிட்டது. பூகோளம் அவ்வளவு அப்பாவி இல்லை. 'நிலத்தால் பூட்டப்பட்ட நாடு' என்கிறோம். பூட்டு இருந்தால் சாவி ஒருவர் கையில் இருக்கத்தானே வேண்டும்?

1816இல் சுகௌலி ஒப்பந்தம் நேபாளத்தின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, மேற்கே காளி, கிழக்கே மேச்சி என்று எல்லை கட்டியது. 1846இல் அதிகாரத்தைப் பிடித்த ராணாக்கள் இந்தத் தோல்வியையே ஒரு ஏற்பாடாக்கிக்கொண்டார்கள். 1857 எழுச்சியை ஒடுக்க ஜங் பகதூர் படையோடு லக்னோ போனார்; 1860இல் மேற்குத் தராய் திரும்பக் கிடைத்தது. சாலை மட்டும் போடவில்லை. 1950களில் இந்தியா போட்டுக்கொடுக்கும்வரை சமவெளியிலிருந்து காத்மாண்டுவுக்கு மோட்டார் சாலையே கிடையாது. ஆனால் ராணா அரண்மனைகளில் கார் நின்றது. கூலிகள் தோளில் சுமந்து மலையேற்றிய கார்! அடைபட்டுக் கிடந்தது யார் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

1989 மார்ச்சில் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானதும் இந்தியா 15 போக்குவரத்து வழிகளில் 13ஐ மூடியது. சீனாவிடம் ஆயுதம் வாங்கியது காரணங்களில் ஒன்று. மண்ணெண்ணெய் இல்லாமல் ஜனங்கள் காட்டை வெட்டினார்கள். அந்த நெருக்கடி 1990 மக்கள் இயக்கத்துக்கு உதவியது உண்மைதான். அதற்காக முற்றுகையை ஜனநாயகக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

2015 இன்னும் சிக்கல். ஏப்ரலில் நிலநடுக்கம், செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம். அதில் தங்களுக்கு இடமில்லை என்று தராயின் மாதேசிகளும் தாருக்களும் கிளம்பினார்கள். போலீசாரும் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பீர்கஞ்ச்-ரக்சால் எல்லையில் மிதேரிப் பாலத்தில் (மிதேரி என்றால் நட்பு) போராட்டக்காரர்கள் உட்கார்ந்தார்கள். 2016 பிப்ரவரிவரை தட்டுப்பாடு. முற்றுகையே இல்லை என்றது டில்லி. போராட்டம் நடக்காத வழிகளிலும் எண்ணெய் லாரிகள் ஒழுங்காக வரவில்லை. காத்மாண்டுவின் தேசியவாதச் சொல்லாடலோ மாதேசிகளை இந்தியக் கையாள்களாக்கிற்று. 1950கள் வரை இதே மாதேசி காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது என்பதை யார் பேசினார்கள்? இந்திய மேலாதிக்கத்தை எதிர்க்கிறோம் என்று மலை உயர்சாதி அதிகாரத்துக்குக் கொடி பிடிப்பது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒருசேரப் பேசியாக வேண்டும்.

வடக்கே திரும்பினால் போச்சு என்பார்கள். முற்றுகையின்போது சீனா இனாமாகக் கொடுத்தது 13 லட்சம் லிட்டர் எண்ணெய். ஒரு நாடு அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டும்? நிலநடுக்கத்தில் மூடிய தாதோபானி வழி சரக்குக்குத் திறந்ததே 2019 மேயில்தான். அந்த ஆண்டே நான்கு சீனத் துறைமுகங்களுக்கு அனுமதியும் வந்தது, காகிதத்தில். கொல்கத்தா சில நூறு கிலோமீட்டர், தியான்ஜின் 3000க்கும் மேலே. 2016இல் பெய்ஜிங் போய் இதற்கு அடிபோட்ட அதே பிரதமர் ஒலிதான், 2019 செப்டம்பரில் மோதியோடு சேர்ந்து 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயைத் திறந்துவைத்தார். அது அம்லேக்கஞ்சில் முடிகிறது. ஆரம்பிப்பது பீகாரின் மோதிஹாரியில்.